15 நிமிடமா, 48 மணித்தியாலமா, காலவரம்பே இல்லாமலா?

எங்கள் வாய்க்காலின் கடைக்கோடியில் ஒன்றரை ஏக்கர் வயல் செய்கிற அக்கா ஒருவர், கடந்த சிறுபோகப் பயிர்ச்செய்கையில் தன் முறைக்கு வர வேண்டிய தண்ணீரை ஒரு தடவை இழந்தார். அதற்குக் காரணம் நான்.

கமக்காரர் அமைப்பின் வட்ஸ்அப் குழுவில், எந்த வயல்களுக்கு எப்போது தண்ணீர் என்ற முறையை அறிவிப்பது என் பொறுப்பு. கடைப்பகுதிக்குப் புதன் இரவு 10 மணி என்று அனுப்பினேன். ஆறேழு நிமிடம் கழித்துத்தான் நாள் பிழைத்திருப்பது கண்ணில் பட்டது. உடனே செவ்வாய் என்று திருத்திவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். அக்கா முதலில் வந்ததைப் படித்துவிட்டு டேட்டாவை நிறுத்தியிருந்தார். புதன் இரவு மண்வெட்டியும் டோர்ச்சுமாக அவர் வரம்பில் நின்றபோது வாய்க்கால் காய்ந்து கிடந்தது.

“தம்பி, நான் புதன் என்றுதான் பார்த்தேன்” என்றார். அவருடைய கைபேசியைத் திறந்தால் அதில் செவ்வாய் என்று இருக்கிறது. சுற்றி நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள். உண்மை சொன்னவர் பொய் சொன்னவர்போல நின்றார். தண்ணீரை அடுத்த முறையில் சரிக்கட்டிவிட்டோம். அந்த நிற்றலை என்னால் இன்னும் சரிக்கட்ட முடியவில்லை.

அனுப்பிய செய்தியை எவ்வளவு நேரம் வரை திருத்த விடலாம் என்ற கேள்வி அன்றுதான் எனக்கு முளைத்தது. அமைப்புக்கு எந்த வழி பொருந்தும் என்று ஒவ்வொன்றையும் பயன்படுத்திப் பார்த்தேன்.

சாதாரண எஸ்எம்எஸ்ஸில் திருத்தமே இல்லை. போனது போனதுதான். பிழைத்தால் இன்னொன்று அனுப்ப வேண்டும். இணையம் எட்டாத இடத்திலும் சேரும், பட்டன் போனிலும் வரும். ஆனால் இருநூறு பேருக்கு அனுப்பும் செலவை எங்கள் அமைப்பு தாங்காது.

வட்ஸ்அப் 2023 மே மாதத்தில் திருத்தும் வசதியைக் கொண்டுவந்தது. அனுப்பியதிலிருந்து 15 நிமிடம் வரை மாற்றலாம். மாற்றினால் ‘திருத்தப்பட்டது’ என்ற சிறு குறிப்பு வரும். முன்பு என்ன இருந்தது என்பதை யாரும் பார்க்க முடியாது. திருத்தத்துக்கென்று தனியே மணி அடிக்காது. அக்காவை வீழ்த்தியது இந்த இடம்தான். இன்னொன்றையும் கவனித்தேன். திருத்த 15 நிமிடம்தான் என்றாலும், எல்லோருக்குமாக அழிப்பதற்கு இரண்டு நாளுக்கு மேல் அவகாசம் இருக்கிறது. 2017 இல் அந்த வசதி வந்தபோது 7 நிமிடம்தான் இருந்தது, 2022 இல் 60 மணித்தியாலமாக நீண்டது. ஆகவே 15 நிமிடத்தைத் தவறவிட்டவர் பழையதை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுகிறார். எனக்கு அது பிடிக்கிறது. அழித்த இடத்தில் ஒரு தடம் மிஞ்சுகிறது, புதியது கீழே வருகிறது, எல்லோருடைய கைபேசியும் மறுபடி ஒலிக்கிறது.

டெலிகிராம் குழுக்களில் 48 மணித்தியாலம் வரை திருத்தலாம். எங்கள் தலைவர் அதற்கு மாற வேண்டும் என்கிறார். அவருடைய வாதத்தைத் தள்ளிவிட முடியாது. முத்தையன்கட்டுப் பக்கம் போனால் சில இடங்களில் சிக்னல் மரத்தடிக்கு மரத்தடி மாறும். அனுப்பிய செய்தி எப்போது போய்ச் சேர்ந்தது என்பதே அனுப்பியவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து பிழையைக் காண்பதற்குள் 15 நிமிடம் எப்போதோ கடந்திருக்கும். விரல் நடுங்கத் தட்டுகிற எழுபது வயது ஐயாமார் குழுவில் இருக்கிறார்கள். ‘துருசு (குளத்து மதகு) பூட்டப்படும்’ என்பதற்கும் ‘பூட்டப்படாது’ என்பதற்கும் இடையில் எத்தனை எழுத்து இருக்கிறது? அவர்களுக்குத்தான் இந்த அவகாசம் வேண்டும் என்கிறார் தலைவர். குழுவை நடத்துபவர்கள், மாற்றப்பட்ட செய்தியின் பழைய வடிவத்தை அண்மைய நடவடிக்கைகள் என்ற பதிவில் 48 மணித்தியாலத்துக்குள் பார்க்கவும் முடியும்.

இருந்தும் எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தப் பதிவு நடத்துபவர்களுக்கு மட்டும்தான். தண்ணீரை இழப்பது உறுப்பினர். கூடவே, திருத்திய செய்தி முதலில் அனுப்பிய நேரத்தோடுதான் நிற்கும். சொல் புதியது, அதோடு இருக்கும் நேரம் பழையது. இரவு 8 மணிக்குப் போட்டதை விடிய 4 மணிக்கு மாற்றினால், இரவு 8 மணிக்கே அப்படித்தான் சொன்னதுபோலக் கிடக்கும்.

வன்னியில் இது சின்ன விடயமா? 2018 டிசம்பரில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தில், மிகைநீரை வெளியேற்றும் வான் கதவுகள் திறக்கப்பட்டபோது பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளை என்று கனகராயன் ஆற்றின் தாழ்பக்கமெல்லாம் வெள்ளம் ஏறியது. கதவுகள் எந்த நேரத்தில் திறக்கப்பட்டன, யாருக்கு எப்போது சொல்லப்பட்டது என்பதே பிறகு பெரிய வாதமானது. இரணைமடுவின் முழு மட்டம் 36 அடி. குளம் 33 அடியில் நிற்கிறது என்ற ஒரு செய்தி பின்னர் 35 ஆக மாறி, மாறிய நேரம் தெரியாமல் இருந்தால், மாட்டை அவிழ்த்துவிட்டவரும் விடாதவரும் எதை வைத்துப் பேசுவார்கள்? 15 நிமிட வரம்பில் இந்தக் கேடு அதிகம் போனால் கால் மணித்தியாலத்தோடு நின்றுவிடும். 48 மணித்தியாலத்தில் இரண்டு இரவுகள் அடங்கிவிடுகின்றன.

பேஸ்புக்கில் வரம்பே இல்லை. பத்து வருடத்துக்கு முந்தைய பதிவையும் இன்று திருத்தலாம். ஆனால் திருத்த வரலாறு என்று ஒன்று அங்கே இருக்கிறது. பதிவைப் பார்க்கக்கூடியவர்கள் பழைய வடிவங்களையும் பார்க்கலாம். மரண அறிவித்தலுக்கு இதைவிட நல்ல வழியை நான் காணவில்லை. கனடாவிலிருந்து மகன் வருவதற்காகத் தகனக்கிரியை ஒரு நாள் தள்ளிப்போகிறது என்று வையுங்கள். பேஸ்புக்கில் மூலப் பதிவைத் திருத்தினால், அதைப் பகிர்ந்த நூறு பேரின் பக்கத்திலும் திருத்தியதே தெரியும். வட்ஸ்அப்பில் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய பிரதிகள் பழைய நாளோடு ஊரூராகப் போய்க்கொண்டே இருக்கும். மாங்குளத்திலிருந்து பஸ் எடுத்து வந்து, முதல் நாளே எல்லாம் முடிந்துவிட்டதென்று திரும்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சிக்னல் செயலி 24 மணித்தியாலம் தருகிறது, பழைய வடிவங்களைப் பெற்றவருக்கும் காட்டுகிறது. ஐபோனின் ஐமெசேஜும் அப்படிக் காட்டும். அங்கே 15 நிமிடத்துக்குள் ஐந்து தடவை திருத்தலாம். இரண்டுமே எனக்கு நேர்மையானவையாகப் படுகின்றன. எங்கள் வாய்க்காலில் அவற்றை வைத்திருப்பவர்களை ஒரு கை விரலால் எண்ணிவிடலாம் என்பதால் மேலே பேசிப் பயனில்லை.

கடைசியாக ஒப்பிட்டது எங்கள் கூட்ட அறிக்கைக் கொப்பியை. ஒவ்வொரு கூட்டமும் சென்ற கூட்டத்தின் அறிக்கையை வாசிப்பதோடு தொடங்கும். பிழை இருந்தால் அப்போது சொல்ல வேண்டும். ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிந்து ஏற்றுக்கொண்ட பிறகு யாரும் கைவைக்க முடியாது. எழுத்தை மறைக்கும் டிப்பெக்ஸ் வெள்ளையைப் பூசக் கூடாது. பிழையை ஒரு கோட்டால் வெட்டி, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் கையொப்பமிட வேண்டும். வெட்டியதும் வாசிக்கத் தெரிய வேண்டும். ஏறக்குறைய ஒரு மாத அவகாசம், அதோடு முழு வரலாறு, அதோடு எல்லோர் முன்னிலையிலும் சத்தமாக ஒரு வாசிப்பு. நான் பார்த்த செயலி எதிலும் இந்த மூன்றும் ஒன்றாக இல்லை. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா ஓரளவு கிட்ட வருகிறது. அதில் பெரும்பாலான கட்டுரைகளை எவரும் எந்நாளும் திருத்தலாம், ஆனால் யார் எதை எப்போது மாற்றினார் என்ற வரலாறு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஒரு குளத்தைப் பற்றிய கட்டுரைக்கு அது பொருந்தும். அந்தக் குளத்தின் இன்றிரவுத் தண்ணீருக்குப் பொருந்தாது.

எனவே நான் வட்ஸ்அப்பின் 15 நிமிடத்தின் பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் என்னுடைய பிழை அந்த 15 நிமிடத்துக்குள்ளேதான் நடந்தது. நான் திருத்தும்போது அக்கா படித்து முடித்திருந்தார். ஒருவர் படித்துவிட்டுத் தன் வேலையைத் தீர்மானிக்க ஒரு நிமிடம் போதும். அதனால் எங்கள் குழுவில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம்: குறில் நெடில் பிழைகளைத் திருத்தலாம், நாள், நேரம், ஏக்கர், பணம், ஆள் பெயர் ஆகியவற்றை ஒரு நிமிடத்துக்குள்ளும் திருத்தக் கூடாது. பிழைத்தால் பழையதை அப்படியே விட்டு, அதற்கு மறுமொழியாகக் கீழே ‘திருத்தம்’ என்று தொடங்கிப் புதிதாக எழுத வேண்டும். ஊரார் கூடிச் செய்யும் சிரமதானத்துக்கு இரண்டு டிரக்டர் தருகிறேன் என்றவர் மறுநாள் ஒன்றுதான் என்றாலும் அப்படித்தான் எழுத வேண்டும். கடைக்கோடி வயல்காரர்களுக்கு நான் தொலைபேசியிலும் சொல்கிறேன்.

தலைவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே நாளில் மூன்று ‘திருத்தம்’ வந்தால் ஐயாமார் எதை எடுப்பார்கள் என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. இனிமேல் ஒவ்வொரு திருத்தத்திலும் முழு அட்டவணையையும் மறுபடி எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். இந்தப் போகம் முடிய, அக்காவையும் வைத்துக்கொண்டு கூட்டத்தில் பேசித் தீர்மானிப்போம். அது கொப்பியில் ஏறும்.