நிண்டெண்டோ ஸ்விட்ச் ஓஎல்இடி: டாக்கில் வந்த லேன் போர்ட்

நிண்டெண்டோ ஸ்விட்ச் கேம் கன்சோலின் ஓஎல்இடி மாதிரி 2021 அக்டோபரில் வெளிவந்தபோது, பெரும்பாலான பேச்சு அதன் 7 அங்குலத் திரையைச் சுற்றியே இருந்தது. ஆனால் கன்சோலைத் தொலைக்காட்சியில் இணைத்து, இணையம் வழியாகப் பிறருடன் விளையாடுபவருக்கு அந்தத் திரையால் பயன் ஏதுமில்லை. அவருக்குக் கிடைத்த உண்மையான மேம்பாடு, கன்சோலைத் தொலைக்காட்சியுடன் இணைக்கும் தாங்கியான டாக்கின் பின்மூடிக்குள் இருக்கும் லேன் போர்ட்தான், அதாவது இணையக் கேபிளைச் செருகும் துளைதான்.

இது மிகவும் தாமதமாக வந்த வசதி. மைக்ரோசாஃப்ட் 2001இல் வெளியிட்ட முதல் எக்ஸ்பாக்ஸிலேயே இத்தகைய (ஈதர்நெட்) போர்ட் இருந்தது. நிண்டெண்டோவோ கேம்கியூப், வீ, வீ யூ, 2017இல் வந்த முதல் ஸ்விட்ச் என அடுத்தடுத்த கன்சோல்களில் கம்பி இணைப்பு வேண்டியவர்களைத் தனி அடாப்டர் வாங்க வைத்தது. ஸ்விட்ச்சுக்கு எல்லா யூஎஸ்பி அடாப்டரும் பொருந்துவதில்லை என்பதால், அதற்கேற்ற சிப் உள்ளதாகப் பார்த்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

கேம்களைத் தரவிறக்க வைஃபையே போதும். சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட் போன்ற சண்டை விளையாட்டில்தான் வேறுபாடு தெரிகிறது. அதில் ஆடுபவர்களின் கன்சோல்கள் ஒன்றுடன் ஒன்று நேரடியாகத் தகவல் பரிமாறிக்கொள்வதால், ஒருவருடைய இணைப்பு தடுமாறினால் எதிரே ஆடுபவரின் ஆட்டமும் நின்று நின்று நகர்கிறது. அண்டை வீட்டு ரூட்டர்களும் மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடும்போது, சராசரி வேகம் நன்றாகவே இருந்தாலும் சில தகவல் துணுக்குகள் பிந்தி வரும். சண்டையின் நடுவே அந்தச் சிறு தாமதமே தோல்விக்குப் போதுமானது. 5 கிகாஹெர்ட்ஸில் இந்தக் குறுக்கீடு குறைவு என்றாலும் சுவர்களைத் தாண்டும்போது அது வலுவிழக்கிறது. கம்பிக்கு இந்தச் சிக்கல்கள் இல்லை. எதிரே ஆடுபவருக்குச் செய்யும் மரியாதையாகவும் நான் இதைக் கருதுகிறேன்.

இணைப்பது எளிது. ரூட்டரிலிருந்து வரும் கேபிளை டாக்கில் செருகி, கன்சோலின் இணைய அமைப்புகளில் கம்பி இணைப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும், கடவுச்சொல் தேவையில்லை. பிறகு இணைப்புச் சோதனையை நடத்திப் பார்க்கும்போது, வேகத்தைவிட நாட் (NAT) வகையை, அதாவது பிற கன்சோல்களுடன் நேரடியாக இணைவது எவ்வளவு எளிது என்று காட்டும் எழுத்தைக் கவனிக்க வேண்டும். ஏ அல்லது பி என்று வந்தால் கவலையில்லை. டி என்று வந்தால், வேகம் எவ்வளவு இருந்தாலும் சிலருடன் இணைய முடியாமல் போகலாம். பல வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபி முகவரியின் பின்னால் வைக்கும் இணைய நிறுவனங்களின் இணைப்பில் இது நேரக்கூடும். அதைக் கேபிளால் தீர்க்க இயலாது. தனிப் பொது முகவரி தருவார்களா என்று அந்த நிறுவனத்திடமே கேட்க வேண்டும்.

குறைகளும் உண்டு. பழைய டாக்கின் உள்ளே இருந்த யூஎஸ்பி போர்ட் இதில் இல்லை. டாக்கிலிருந்து கன்சோலை எடுத்ததும் கம்பி இணைப்பு அறுந்து வைஃபைக்குத் திரும்ப வேண்டியிருப்பதால், இணைய ஆட்டத்தின் நடுவே அதைக் கையில் எடுக்கக் கூடாது.

முதல் ஸ்விட்ச்சை ஏற்கெனவே வைத்திருந்து, தொலைக்காட்சியில் மட்டும் விளையாடுபவர் இதற்காகப் புதிய கன்சோல் வாங்கத் தேவையில்லை. ஓஎல்இடி மாதிரியின் டாக் பழைய ஸ்விட்ச்சுக்கும் பொருந்தும். அது தனியாகவும் விற்பனைக்கு வந்தது. கையில் வைத்தே விளையாடும் ஸ்விட்ச் லைட் மாதிரியை மட்டும் எந்த டாக்கிலும் பொருத்த முடியாது.