புதுச்சேரியா, பட்டானூரா, கடலூரா: எங்கே வீடு வாங்குவது?

தங்கைக்கு வீடு தேட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, இந்தப் பக்கம் விலையை ஒப்பிடுவதே பெரிய வேலை என்று. முதல் குழப்பம் அளவில். புதுச்சேரியில் குழிக் கணக்கு. ஒரு குழி 576 சதுரடி. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் சென்ட், அது 435.6 சதுரடி. குழி 14.5 லட்சம், சென்ட் 11 லட்சம் என்று இரண்டு இடம் வந்தால் சென்ட் மலிவு போலத் தோன்றும். சதுரடிக்கு வகுத்துப் பாருங்கள், இரண்டும் 2,520 ரூபாயை ஒட்டித்தான் வரும். (தஞ்சாவூர்க்காரர்களுக்குக் குழி என்றால் 144 சதுரடி. அவர்களிடம் விசாரித்தால் கவனம்.)

புதுச்சேரிக்குள் லாஸ்பேட்டை, ரெயின்போ நகர் பக்கம் நடுத்தரக் குடும்பத்துக்குத் தனி மனை எட்டாது. அடுக்குமாடிதான். அங்கே 1,000 சதுரடி என்றால் பெரும்பாலும் படிக்கட்டு, நடைபாதை எல்லாம் சேர்த்த சூப்பர் பில்ட்-அப் கணக்கு. கார்பெட் ஏரியா (வீட்டுக்குள் நாம் புழங்கும் இடம்) எவ்வளவு, யூடிஎஸ் (நிலத்தில் நமக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு) எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

அதே பணத்துக்குப் பட்டானூர், கோட்டக்குப்பம் பக்கம் பொதுவாகப் பெரிய இடம் கிடைக்கும். புதுச்சேரித் தெருக்களோடு ஒட்டிக் கிடந்தாலும் இவை விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதாவது 40 லட்சம் மதிப்புக்கு 3.6 லட்சம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். மனைக்கு அங்கே டிடிசிபி (தமிழ்நாட்டின் நகர் ஊரமைப்புத் துறை) அங்கீகாரம் இருக்க வேண்டும், புதுச்சேரியில் பிபிஏ (புதுச்சேரி நகரமைப்புக் குழுமம்) அங்கீகாரம்.

இதைவிடப் பெரிய விஷயம் பிள்ளைகளின் படிப்பு. புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கைக் குழுவான சென்டாக் மூலம் புதுச்சேரி ஒதுக்கீட்டில் கல்லூரி சீட் கேட்க அங்கே வசிப்பிடச் சான்று வேண்டும். தெருவுக்கு அந்தப் பக்கம் குடிபோனால் அது கைவிட்டுப் போகும். தங்கை மகள் இப்போது எட்டாவது. கூடுதலாக ஒரு படுக்கையறை கிடைக்கிறது என்பதற்காக அந்த வாய்ப்பை விட எனக்கு மனசு வரவில்லை.

பிள்ளைகள் படித்து முடித்த குடும்பம், ஓய்வு பெற்றவர்கள் என்றால் கடலூரைத் தாராளமாகப் பார்க்கலாம். கூத்தப்பாக்கம், செம்மண்டலம் பக்கம் கார் நிறுத்தவும் நாலு மரம் வைக்கவும் இடம் விட்டுக் கட்டலாம்.

ஆனால் எங்கே வாங்கினாலும் தண்ணீரைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த பெஞ்சல் புயலில் புதுச்சேரி நகருக்குள்ளேயே கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் மூழ்கின. இரண்டே நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்க் கரையோரத்தையும் பாகூர்ப் பக்கத்தையும் அடித்தது. விலை உயர்ந்த இடம் என்பதால் தண்ணீர் விட்டுவைக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சுவரில் கறை எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள், தெருவில் இருக்கும் வயதானவர்களிடம் கேளுங்கள். அடித்தளத்தை உயர்த்தும் செலவையும் மனை விலையோடு சேர்த்துக் கூட்டுங்கள்.

நாங்கள் தவளக்குப்பத்தில் இரண்டு குழி மனை ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். 1,152 சதுரடி, புதுச்சேரி எல்லைக்குள். ஐப்பசி மழையில் ஒருமுறை போய் நின்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் முன்பணம்.