ஐந்து அங்குல உப்புப் புழு: சில வருடங்கள் பயன்படுத்திய பிறகு

விலை இறங்கியதும் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்: "அந்த உப்புப் புழுவை மொத்தமா வாங்கிப் போட்டுடலாமா?" எந்த நிறுவனத்தின் புழு என்று இங்கே எழுதப் போவதில்லை. தூண்டில் முள்ளில் இரையாக மாட்ட உப்பு சேர்த்துச் செய்யும் மென் பிளாஸ்டிக் புழு எல்லாவற்றுக்குமே உள்ள குணத்தைப் பற்றித்தான் பேச்சு. ஏழடி ராடு (தூண்டில் கம்பு), 15 பவுண்டு ஃபுளோரோகார்பன் நரம்பு, 4/0 முள் என்பதெல்லாம் பாஸ் என்கிற நன்னீர் மீனைப் பிடிக்கிறவர்களுக்குத் தெரிந்த சங்கதி. எனக்குச் சொல்ல இருப்பது ஒரே விஷயம்: இது கிழிகிறது. எப்போதும் கிழிகிறது.

நான் தூண்டில் போடுவது வட கரோலினாவின் நார்மன் ஏரியில். கட்டாபா ஆற்றின் குறுக்கே கவன்ஸ் ஃபோர்டு அணை கட்டி, 1960களின் தொடக்கத்தில் நிரப்பிய நீர்த்தேக்கம் அது. கரை மட்டும் 520 மைல். அந்தக் கரை நெடுக வீடுகள். வீட்டுக்கு வீடு படகு கட்டும் டாக். ஏரிக்குள் பாசியோ மூழ்கிய மரமோ அதிகம் கிடையாது. அதனால் ஒதுங்கி நிற்கவும் சின்ன மீனுக்காகக் காத்திருக்கவும் பாஸுக்கு அங்கே கிடைக்கிற இடம் டாக் அடிநிழல்தான். கோடை மதியத்தில் பெரிய மீன் நிழலின் ஓரத்தில் நிற்காது, உள்ளே போய்விடும். நடைபலகைக்கும் மிதவைக்கும் இடையில், ஏணிக்குப் பின்னால், படகைத் தூக்கி வைக்கும் லிஃப்டின் குறுக்குக் கம்பிக்குக் கீழே என்று எட்டாத இடமாகப் பார்த்து நிற்கும்.

அங்கே இரையைக் கொண்டு சேர்க்கத்தான் பிட்ச்சிங் என்கிற வீச்சு முறை. 1970களில் கலிபோர்னியாவின் டீ தாமஸ் நீளக் கம்பை வைத்துக்கொண்டு ஃபிளிப்பிங் முறையில் போட்டிகளில் அசத்தினார். அதில் வெளியே விடும் நரம்பின் நீளம் மாறாது. பிட்ச்சிங்கில் அப்படி இல்லை, நரம்பு சுற்றிய ஸ்பூலைத் திறந்துவிட்டு, இடது கையில் பிடித்த இரையை ஊஞ்சல் மாதிரி தாழ்வாக வீசுகிறோம். இரை தண்ணீருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பறந்து போக வேண்டும். விழுவதற்குச் சற்று முன்பு கட்டைவிரலால் ஸ்பூலை மெதுவாக அழுத்தினால் சத்தமே இல்லாமல் உள்ளே போகும். "தொப்" என்று விழுந்தால் அந்த டாக்கில் வேலை முடிந்தது, அடுத்த டாக்குக்குப் போகலாம்.

சரி, புழுவுக்கு வருகிறேன். இதன் அழகு முழுவதும் அது இறங்கும் விதத்தில் இருக்கிறது. தெளிந்த தண்ணீரில் காலடியிலேயே போட்டுப் பாருங்கள். ஈயம் எதுவும் கட்ட வேண்டாம், புழுவே கிட்டத்தட்டப் பத்து கிராம் இருக்கும். கிடைமட்டமாகவே இறங்கும். இரண்டு நுனியும் லேசாக, ஒன்றுக்கொன்று மாற்றி நடுங்கும். நாம் ராடை ஆட்டவில்லை, ரீலைச் சுற்றவில்லை, நரம்பு தளர்ந்து கிடக்கிறது. அந்த நடுக்கம் புழுவுக்குள்ளிருந்தே வருகிறது. டாக் நிழலில் பத்தடி ஆழத்துக்குள் அது இறங்கிக்கொண்டிருக்கும்போதே பெரும்பாலான கடி வந்துவிடும். கையில் எதுவும் தெரியாது. தளர்ந்த நரம்பு ஒரு துள்ளு துள்ளும், இல்லையென்றால் காற்றுக்கு எதிர்ப் பக்கமாக மெல்ல நகரும். அப்போதே தளர்ச்சியைச் சுற்றி எடுத்துச் சுண்ட வேண்டும். தாமதித்தால் நரம்பைத் தூணில் சுற்றிவிடும். நரம்பின் அந்த ஒரு துள்ளலுக்காகவே இத்தனை வருடம் இதை விடாமல் இருக்கிறேன். ஜிக், கிராங்க்பெய்ட் மாதிரி வேறு செயற்கை இரை எதுவும் எனக்கு அதைத் தந்ததில்லை.

ஆனால் அந்த நடுக்கத்தைத் தருகிற அதே சேர்மானம்தான் புழுவைக் கெடுக்கிறது. பிவிசி பிசினையும் இளக்கும் எண்ணெயையும் சூடாக்கி, அதில் உப்பைக் கலந்து அச்சில் ஊற்றுகிறார்கள். எடையைத் தருவது உப்பு, நெளிவைத் தருவது எண்ணெய். உப்பு ஏற ஏறப் பிளாஸ்டிக்கின் பிடிப்பு குறைகிறது. கிழிந்த இடத்தைக் கண்ணருகில் வைத்துப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக உப்புப் பரல் தெரியும். அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சவ்வு போலத்தான் இருக்கும்.

ஒரு நல்ல மீன் மாட்டினால் போதும். மேலே வந்து வாயைப் பிளந்து தலையை உதறும்போது புழு நரம்பில் ஏறிவிடும், அல்லது பிய்த்துக்கொண்டு பறந்துவிடும். மிஞ்சினாலும் மூக்குப் பக்கம், அதாவது முள்ளை ஏற்றும் முனையில், நீளமாகக் கீறியிருக்கும். அடுத்த வீச்சில் மூக்கு வழுக்கி முள்ளின் வளைவில் போய்ச் சுருண்டு நிற்கும். அப்படிச் சுருண்ட புழு நேராக இறங்காமல் சுழலும், நரம்பும் முறுக்கிக்கொள்ளும். தாழ்வான டாக்குக்கு அடியில் தட்டுக்கல் விடுவது மாதிரி சறுக்கி விடவும் அதற்கு வராது. நடுவில் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் போட்டு முள்ளை மாட்டினால் கொஞ்சம் தாங்கும்தான், ஆனால் முள் நுனி வெளியே இருப்பதால் டாக் கயிற்றிலும் மிதவையிலும் மாட்டும். அது ஒருவருடைய வீட்டுச் சொத்து. குழந்தைகள் குதித்துக் குளிக்கிற இடத்தில் முள்ளை விட்டுவிட்டு வருவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கிழிந்ததைத் தலைகீழாகத் திருப்பி வால் பக்கம் முள்ளேற்றினால் இன்னொரு சுற்று வரும். லைட்டரில் இரண்டு முனையையும் உருக்கி ஒட்டுகிறவர்களும் உண்டு. உப்பு நிறைந்த புழுவில் அந்த ஒட்டு நிற்காது.

காசு போவது ஒரு பக்கம். அதைக் கூடப் பொறுத்துக்கொள்வேன். பிய்ந்து போன பாதி எங்கே போகிறது என்பதுதான் என் கோபம். நேராக அடியில் போய்க் கிடக்கிறது. போன வாரம் ஒரு அலபாமா பாஸைக் குழம்புக்காக அறுத்தேன். யாரோ இந்த ஏரியில் கொண்டுவந்து விட்டு, பெரியவாய் பாஸின் இடத்தைப் பிடித்துக்கொண்ட இனம் அது. குடலுக்கு மேலே இரைப்பையில் விரல் நீளத்துக்கு ஏதோ தடித்து நின்றது. கீறிப் பார்த்தால் புழுத்துண்டு. நிறம் வெளுத்து, ஊதி, வெளிப்பக்கம் விறைத்துப் போயிருந்தது. என் பெட்டியில் இருப்பதும் அதே வகைதான். அமெரிக்காவின் மெய்ன் மாநிலச் சட்டமன்றத்தில் 2013-ல் இந்த மாதிரி இரைகளைத் தடை செய்ய மசோதாவே வந்தது. தடையாக அது நிறைவேறவில்லை. அந்த மசோதாவைக் கொண்டுவந்தவர்களின் கவலை எனக்கு இப்போது நன்றாகப் புரிகிறது.

இதற்கு மாற்றாக டிபிஇ என்கிற ரப்பர் வகையில் செய்த புழு இருக்கிறது. இழுத்தால் முழ நீளத்துக்கு வரும், கிழியாது. ஒரே புழுவில் மீன் மேல் மீனாகப் பிடிக்கலாம். குறை என்னவென்றால், அது தண்ணீரில் மிதக்கும். இறங்க வைக்க எடை சேர்க்க வேண்டும், எடை சேர்ந்ததும் அந்த நடுக்கம் போய்விடும். டாக் நிழலில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறேன். உப்புப் புழுவுக்குத்தான் மீன் அதிகம் வருகிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டாக்கில் பிட்ச்சிங் செய்ய இதைவிட நல்ல இரையை நான் தொட்டதில்லை.

அப்படியிருந்தும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். அந்த இரைப்பையைக் கண்ணால் பார்த்த பிறகு எனக்கு வேறு பதில் வரவில்லை. ஏற்கெனவே கையில் பாக்கெட் இருந்தால் தீர்த்துவிடுங்கள், ஆனால் கிழிந்த துண்டைப் படகிலேயே ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

டிபிஇ வாங்குகிறவர்களுக்கு அப்புறம் ஒன்று. அதைச் சாதாரணப் பிளாஸ்டிக் புழுக்களோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள். இரண்டும் ஒன்றையொன்று தொட்டால் உருகிக் கூழாகிவிடும். அது வந்த பையிலேயே தட்டையாக வைத்திருங்கள். ஆணி வடிவ எடையைத் தலைப்பக்கம் முழுக்கச் செருகாமல், சின்னதாக ஒன்றை நடுவுக்கு அருகில் செருகினால் ஓரளவு கிடைமட்டமாக இறங்கும். முள்ளில் ஏற்றும்போது ரப்பர் இழுபட்டு வளையும். மூக்கில் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டு, நேராக்கிப் பிடித்துக் காயவிடுங்கள்.