சூரியநெல்லி டென்ட் கேம்ப்: இடம் அருமை, பார்த்துக்கொள்பவர்களுக்கு ஓய்வில்லை

கேரளத்தில் மூணாறு பக்கம் இருக்கும் சூரியநெல்லியில் ஒரு டென்ட் கேம்பில் 2 இரவு தங்கினோம். டென்ட் சுத்தம், வெந்நீர் வந்தது, சாப்பாடும் சூடாகக் கிடைத்தது. சரி, நான் எழுத வந்தது அங்கேயே தங்கி கேம்பைப் பார்த்துக்கொள்ளும் தம்பதியைப் பற்றி. கிட்டத்தட்ட 8,000 அடி உயரத்தில் இருக்கும் கொழுக்குமலையில் சூரிய உதயம் பார்க்க ஜீப் விடியற்காலை 4 மணிக்கே கிளம்பிவிடும், அதற்காக அண்ணன் 3.30க்கு எழுந்து ஒவ்வொரு டென்ட்டாகப் போய் எழுப்பி கட்டஞ்சாயா (பால் இல்லாத டீ) கொடுக்கிறார்; அதே மனிதர்தான் முந்தைய இரவு 12 மணி வரை கேம்ப்ஃபயர் பக்கத்தில் நின்று, பாட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர்கள் அறை சமையலறைக்குப் பின்னால்தான், அதனால் தங்க வருகிறவர்கள் நள்ளிரவில் சார்ஜர் கேட்டுக்கூடக் கதவைத் தட்டுகிறார்கள்.

"கடைசியா எப்பக்கா லீவு எடுத்தீங்க?" என்றேன். ஓணத்துக்கு ஒரு நாள் என்றார்.

தங்க இடமும் சாப்பாடும் கொடுத்துவிட்டால் 24 மணி நேரமும் வேலை நேரமா? கேரளத்தின் 1960ஆம் ஆண்டு கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டமே வாரத்தில் ஒரு நாள் விடுமுறை தரச் சொல்கிறது. கூட்டம் இல்லாத செவ்வாயிலோ புதனிலோ முதலாளி ஒரு மாற்று ஆளைப் போடலாம், இரவு 10 மணிக்கு மேல் அவசரத்துக்கு மட்டும் கூப்பிடவும் என்று ஒரு போர்டு வைக்கலாம்.

இடத்துக்கு 5 நட்சத்திரம், நிர்வாகத்துக்கு 2. போகிறவர்கள் டார்ச், சார்ஜர், தண்ணீர் பாட்டில் எல்லாம் கையோடு எடுத்துப் போங்கள்.