வளைய வலையா, மூடிய கூண்டா?

பொழுதுபோக்குக்கு நண்டு பிடிக்கக் கிளம்பினால் கடைசியில் வந்து நிற்பது இந்த இரண்டில்தான். வளைய வலை தரையில் தட்டையாகப் படுத்துக்கிடக்கும். தூக்கும்போதுதான் பையாக மாறும். கூண்டில் உள்ளே போக வழி உண்டு, வெளியே வரக் கதவு விடாது. கூண்டை இறக்கிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம், வளையத்துக்குக் காவல் இருக்கவேண்டும். இது பார்த்த மாத்திரத்தில் புரிகிற வித்தியாசம். அப்படியும் என் ஓட்டு வளையத்துக்கே.

காரணம் ஒரே கேள்வி: கயிறு அறுந்தால் என்ன ஆகும்? பாறையில் உரசியோ, படகின் விசிறி வெட்டியோ, முடிச்சு நழுவியோ ஒருநாள் அறுந்தே தீரும். வளையம் தொலைந்தால் நண்டுகள் இரையைத் தின்றுவிட்டு நடந்துபோய்விடும். கூண்டு அப்படியில்லை. மாட்டிய நண்டு பட்டினியிலோ, இன்னொரு நண்டிடம் கடிபட்டோ சாகும். செத்ததே இரையாகி அடுத்ததை இழுக்கும். ஆள் இல்லாமலே பிடித்துக்கொண்டிருக்கும் கூண்டு அது. பிளாஸ்டிக் பூசிய கம்பி எளிதில் துருப்பிடிக்காது என்பது இங்கே நல்ல குணமே அல்ல.

இதற்கு மருந்து மக்கும் பருத்தி நூல். பல இடங்களில் சட்டமே கேட்கிறது. மூடியை இழுத்துப் பிடிக்கும் ரப்பர் பட்டையின் கொக்கியை நேராகக் கம்பியில் மாட்டாமல், பருத்தி நூல் வளையம் ஒன்றில் மாட்டவேண்டும். நூல் நீரில் மக்கி அறுந்ததும் பட்டை விடுபடும், மூடி தளரும். தப்பு நடப்பதும் இந்த இடத்தில்தான். பருத்தி என்று நினைத்து நைலான் கலந்த நூலைக் கட்டுவார்கள். 'உறுதியாக இருக்கட்டும்' என்று ஐந்தாறு சுற்று சுற்றுவார்கள். திறக்கவேண்டிய பகுதியை அடிப்பக்கம் வைப்பார்கள், அது சேற்றில் புதைந்துபோகும். நூல் சரியாக இருந்தாலும் அவ்வப்போது பார்த்து மாற்றவேண்டும். இல்லையென்றால் தூக்கும்போதே மூடி திறந்து பிடித்ததெல்லாம் போகும். சிறு நண்டுகள் வெளியேற, கூண்டின் பக்கச் சுவரின் மேல்பாதியில் வட்டமான தப்பிக்கும் துளையும் வேண்டும்.

வளையத்தில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. அதில் கெடுவதெல்லாம் தூக்குவதில்தான். வளையத்தைத் தாங்கும் மூன்று அல்லது நான்கு தூக்குக் கயிறுகளும் ஒரே நீளமாக இருக்கவேண்டும். ஒன்று இரண்டு விரல் குட்டையாக இருந்தாலும் அந்த விளிம்பு முதலில் எழும்பும். நண்டு எதிர்ப்பக்கத் தாழ்வில் இறங்கிவிடும். கயிறுகள் கூடும் முடிச்சில் சின்னத் தக்கை ஒன்றைக் கட்டினால் அவை இரைமேல் சரிந்து விழாமல் நிமிர்ந்து நிற்கும். இரைக்கு எண்ணெய்ச் சத்துள்ள மீன் தலை போதும். கம்பியைச் செவுள் வழியாகக் கோத்து நட்டநடுவே கட்டுங்கள். ஓரத்தில் கட்டினால் நண்டும் ஓரத்தில்தான் உட்காரும்.

இறக்கும்போது வீசாதீர்கள், கயிற்றை விட்டுக்கொடுத்து மெல்ல இறக்கினால்தான் வலை புரளாமல் படியும். 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். கயிற்றுக்கு நேர் மேலே வந்து நின்று, தொய்வை மட்டும் மெதுவாகச் சுருட்டி, பாரம் கையில் தட்டியதும் ஒரே வெட்டாக இழுக்கவேண்டும். பிறகு நீர்மட்டம் வரை கை நிற்கக் கூடாது. நடுவில் மூச்சு வாங்க நின்றால் வலை தளரும், விளிம்பில் தொற்றியிருக்கும் நண்டு குதித்துவிடும்.

வலையில் கொடுக்கு சிக்கினால் பிடுங்காதீர்கள், கால் முறியும். வலையோடு வாளித் தண்ணீரில் இறக்கினால் பெரும்பாலும் தானே விட்டுவிடும். மெல்லிய ஒற்றை நைலான் இழையைவிடத் தடித்த முறுக்கு நூல் வலையில் சிக்கல் குறைவு. அளவு பத்தாததும் சினை நண்டும் சில நிமிடத்தில் கடலுக்குத் திரும்பிவிடும் என்பது வளையத்தின் இன்னொரு லாபம்.

ஓட்டம் வேகமான இடத்தில் வளையம் தவழும். ஏற்றமும் வற்றமும் மாறும் இடைவேளையில், நீர் அசையாதபோது இறக்குவது நல்லது. அடிவளையத்தில் ஈயம் கட்டியும் பார்க்கலாம். ஆழமும் ஓட்டமும் சேர்ந்த இடத்துக்கு அதுவும் போதும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். அங்கே கனமான கூண்டுதான் நிற்கும். அதை இறக்குவதானால் மிதக்கும் கயிற்றைத் தவிர்த்து மூழ்கும் கயிற்றை வாங்குங்கள். உச்ச ஏற்றத்தின் ஆழத்தைவிட ஒன்றரை மடங்கு நீளம் விடுங்கள். குறைந்தால் ஏற்றத்தில் மிதவையே அமிழ்ந்துபோகும்.