புரோவோ மிஷனரி பயிற்சி மையம்: மொழிக்கு நல்லது, இடுப்புக்கு ஆகாது

வெளிநாட்டில் மதம் பரப்பும் ஊழியத்துக்குக் கிளம்பும் மார்மன் சபை (அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவு) இளைஞர்கள் பலருக்கு முதல் நிறுத்தம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள இந்த மையம். குறைந்தபட்ச வயது இருபாலருக்கும் 18; பெண்களுக்கு 2025 நவம்பர் வரை 19 ஆக இருந்தது. ஊழியக் காலம் ஆண்களுக்கு 24, பெண்களுக்கு 18 மாதங்கள். புது மொழி தேவைப்படாதவர்கள் சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள். மொழி கற்பவர்களுக்குத்தான் வாரக்கணக்கில் தங்கல்.

கற்பிக்கும் முறைக்கு முழு மதிப்பெண் தரலாம். இலக்கண அட்டவணையை மனப்பாடம் செய்யவிடாமல், சில நாட்களிலேயே புது மொழியில் ஜெபிக்கவும் மதப் பாடம் நடத்தவும் வைக்கிறார்கள். முதல் பாடம் பெரும்பாலும் காகிதத்தைப் பார்த்து வாசிப்பதாகவே முடியும். எதிரே இருப்பவர் ஒரு கேள்வி கேட்டதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதி வைத்ததை மூடிவிட்டு, தெரிந்த ஐந்தாறு வினைச்சொற்களை வைத்தே கேள்வி கேட்கத் தொடங்கினால் அந்த வாரமே வித்தியாசம் தெரியும்.

குறை என்றால் தனிமையே இல்லாதது. உங்களோடு சேர்த்துவிடப்படும் ஜோடி ஊழியர் எப்போதும் கண்ணெட்டும் தூரத்தில். சாக்ஸ் காயப்போடும் இடத்தில்கூட மனஸ்தாபம் வரும். வாராந்திரத் திட்டமிடல் நேரத்தில் பேசித் தீர்க்காவிட்டால் பாடம் நடத்தும்போது அது வெளியே தெரிந்துவிடும்.

உணவகத்தில் அளவில்லாச் சாப்பாடு, நாள் முழுக்க நாற்காலி. இடுப்புப் பட்டையில் இன்னொரு துளை தேவைப்படலாம். காலணியை இங்கேயே போட்டுப் பழக்கிவிடுங்கள். புதுசோடு ஊருக்குள் இறங்கினால் முதல் வாரமே குதிகாலில் கொப்புளம்.

2019 முதல் வாரம் ஒருமுறை, தயாரிப்பு நாளில் (சொந்த வேலைகளுக்கென ஒதுக்கிய நாள்), வீட்டுக்குப் பேசலாம். துணி துவைப்பதும் அன்றுதான். காலையிலேயே இயந்திரத்தைப் பிடித்துவிடுங்கள்.