பி.வி.சி. குழாயில் செய்த ராடு ஹோல்டர்: நான்கு வருடக் கடல் அனுபவம்

மீன் பிடிக்கிற ராடைப் படகில் நிறுத்தி வைக்க வீட்டிலேயே ஹோல்டர் செய்யலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். செய்யலாம். நான் செய்து நான்கு வருடம் ஆகிறது. இதற்குள் ஒரு தடவை மொத்தமாகப் பிரித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து செய்ததும் உண்டு. இந்த நான்கு வருடத்தில் உடைந்தது எது, துருப்பிடித்தது எது, கடைசி வரை அசையாமல் நின்றது எது என்று எழுதி வைக்கிறேன்.

படகு என்னுடையது இல்லை. புதுச்சேரிப் பக்கம் ஒரு மீனவ அண்ணனுடைய ஃபைபர் படகு, 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார். வாரநாளில் அவர் வலைக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமை எரிபொருள் செலவைப் பகிர்ந்துகொண்டு நாங்கள் இரண்டு மூன்று பேர் ராடோடு போவோம். கரையிலிருந்து சில மைல் தள்ளி, படகை மெதுவாக ஓட்டியபடி பின்னால் லூர், அதாவது போலி இரை, இழுத்துக்கொண்டு போவதுதான் எங்கள் முறை. வஞ்சிரம், சூரை, பாரை, இவைதான் எதிர்பார்ப்பு. மூன்று மணி நேரம் ராடைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார முடியாது. படகின் ஓரத்தில் சாய்த்து வைத்தால் ஒரு அலைக்கே உருண்டு விழும். ஹோல்டர் வேண்டியிருந்தது அதனால்தான்.

முதல் தடவை வீடு கட்டும்போது மிஞ்சிய 2 அங்குலக் குழாயை எடுத்தேன். ஒரு அடி நீளத்துக்கு இரண்டு துண்டு. படகின் விளிம்பில் இரண்டு துளை போட்டு ஒரு இரும்புப் பட்டையை முடுக்கி, அதோடு குழாயை இரண்டு ஹோஸ் கிளிப்பால் இறுக்கினேன். பார்க்க உறுதியாகத்தான் இருந்தது, கையால் ஆட்டினால் அசையவில்லை. ஆனால் ராடின் அடிப்பகுதி 3 செ.மீ. தடிமன்தான். 2 அங்குலக் குழாய்க்குள் அது மோட்டார் அதிர்வில் லொடலொடவென்று ஆடியது, தூண்டில் நரம்பு சுற்றியிருக்கும் ரீல் தன் பாட்டுக்குப் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நாலாவது மாதம் நடந்ததைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. படகு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. நான் அணியத்தின் (படகின் முன்பகுதி) பக்கம் திரும்பித் தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தேன். ரீல் கத்துகிற சத்தம் ஒரு நொடி கேட்டது, அடுத்து டக்கென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் ராடும் இல்லை, குழாயும் இல்லை. இரும்புப் பட்டை மட்டும் விளிம்பில் நிற்கிறது, அதில் ஒரு கிளிப் வாயைப் பிளந்துகொண்டு தொங்குகிறது. இரண்டு வருடம் பணம் சேர்த்து வாங்கிய ராடு அது. அதைவிட, நரம்பும் முள்ளுமாக அந்த மீன் எங்கேயோ ராடை இழுத்துக்கொண்டு போகிறதே என்ற நினைப்பு அன்று முழுக்க என்னை விடவில்லை.

கிளிப்பைக் கரைக்குக் கொண்டுவந்து பார்த்தேன். கிளிப்பின் பட்டை பளபளவென்று இருந்தது, துருவே இல்லை. அதை இறுக்குகிற திருகு மட்டும் உள்ளுக்குள் அரித்துப் போயிருந்தது. பல ஹோஸ் கிளிப்புகளில் இப்படித்தான்: பட்டை ஸ்டெயின்லெஸ், திருகு சாதாரண இரும்பின் மேல் முலாம். வாங்கும்போது இரண்டுமே ஒரே நிறத்தில் மின்னும்.

திருகு மட்டுமே காரணமில்லை என்பது வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோது தெரிந்தது. நான் போட்டிருந்தது 30 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு, அதாவது 13 கிலோ சொச்சம். டிராகை, அதாவது எவ்வளவு இழுத்தால் ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் என்ற இறுக்கத்தை, அதில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வைப்பது வழக்கம். 4 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். 7 அடி ராடு வளைந்து நின்றாலும் ஹோல்டரிலிருந்து நுனி வரை ஒன்றரை மீட்டர் தூரம் இருக்கும். நுனியில் 4 கிலோ இழுத்தால், ஹோல்டரை அது கடப்பாரை போட்டு நெம்புகிற மாதிரிதான். என் இரண்டு கிளிப்புக்கும் நடுவில் இருந்த இடைவெளி வெறும் 3 அங்குலம். அந்த இடைவெளிக்கு ஒவ்வொரு கிளிப்பிலும் 80 கிலோ பக்கம் சுமை விழும். இடைவெளியை 6 அங்குலமாக்கினால் அது பாதியாகிவிடும், அதுவும் ஒரு பைசா செலவில்லாமல். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு ராடு செலவானது.

அண்ணனுக்கு வேறொரு வருத்தம் இருந்திருக்கிறது. வாய்விட்டுச் சொல்லவில்லை, நான் கேட்ட பிறகுதான் சொன்னார். வலை விடும்போது விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த பட்டையில் வலை மாட்டிக் கிழிந்திருக்கிறது. "தம்பி, ஓரத்துல எதுவும் நிக்கக் கூடாது. வலை ஓடுற வழி அது" என்றார். அவருடைய பிழைப்பு நடக்கிற இடத்தில் என் பொழுதுபோக்குக்காகத் துளை போட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அந்த இரண்டு துளையையும் ரெசின் ஊற்றி அடைத்தோம். ஃபைபர் படகில் துளை போடுவது லேசான காரியமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேலே இருப்பது ஃபைபர் தோல், உள்ளே பல இடங்களில் மரம் இருக்கும். துளை வழியே தண்ணீர் இறங்கினால் அந்த மரம் வெளியே தெரியாமல் ஊறிக்கொண்டே போகும்.

அப்புறம்தான் இரண்டாவது தடவை செய்தது. படகில் எதையும் முடுக்காமல், தனியாக ஒரு பலகையில் நான்கு ஹோல்டரையும் பொருத்தி, ஞாயிற்றுக்கிழமை கட்டி, திரும்பியதும் அவிழ்த்து வீட்டுக்கு எடுத்துவந்துவிடுவது. 6 அடி நீளம், 8 அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனத்தில் பழைய தேக்குப் பலகை ஒன்று ஆசாரியிடம் கிடைத்தது. படகின் பின்பகுதியான பின்தலையை ஒட்டிய குறுக்குப் பலகையின் மேல் இதை நிமிர்த்தி வைத்துக் கட்டுகிறோம். நான் பெரிய கிளாம்புகள் வாங்கலாம் என்றேன். அண்ணன் சிரித்தார். "கட்டுமரத்தையே கயித்துலதான் கட்டி ஓட்டுனோம். இந்தப் பலகை நிக்காதா?" வலைக்குப் போடுகிற 6 மி.மீ. கயிற்றை மூன்று இடத்தில் சுற்றி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கி, குச்சியின் நுனியை மடக்கிக் கட்டிவிடுகிறார். இதற்கு இரண்டு நிமிடம் ஆகும். நான்கு வருடத்தில் அந்தக் கட்டு ஒரு தடவைகூடத் தளரவில்லை. கயிறு வெயிலில் பொசுங்கிப் பிசிறு விடும், அதனால் வருடம் ஒரு தடவை மாற்றுகிறோம்.

குழாய் இந்தத் தடவை ஒன்றரை அங்குல வெள்ளை யு.பி.வி.சி., ஸ்கெட்யூல் 80 (ஸ்கெட்யூல் என்பது குழாய்ச் சுவரின் கனத்தைச் சொல்லும் எண்). சுவர் 5 மி.மீ. கனம், உள்விட்டம் 38 மி.மீ. என் ராடுகள் எல்லாவற்றுக்கும் கனகச்சிதம். உங்கள் ராடின் அடி அதைவிடத் தடித்ததாக இருந்தால் அதே அளவில் ஸ்கெட்யூல் 40 வாங்குங்கள், உள்ளே 41 மி.மீ. கிட்டத்தட்ட வரும். கடைக்கு ராடையே எடுத்துக்கொண்டு போய்ச் செருகிப் பார்ப்பதுதான் நல்லது.

ஒவ்வொரு துண்டும் 30 செ.மீ. ஸ்பின்னிங் ரீலின் கழுத்து (ரீலை ராடோடு இணைக்கும் தண்டு) உட்கார வாயில் ஒரு வெட்டு வேண்டும், 3 செ.மீ. அகலம், 5 செ.மீ. ஆழம். முதல் தடவை இதை ஹாக்ஸா பிளேடால் சதுரமாக வெட்டினேன், மூலையிலிருந்து விரிசல் ஓடியது. இப்போது வெட்டு முடிகிற இடத்தில் முதலில் இரண்டு துளை போட்டுக்கொண்டு, அந்தத் துளை வரைக்கும் அறுத்து இறக்குகிறேன். மூலை உருண்டையாக இருந்தால் விரிசல் பிடிக்க இடமில்லை. நான்கு குழாயிலும் இதுவரை ஒரு கீறல்கூட இல்லை.

வாயை விரிக்கிற வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது குழாயின் வாய்ப்பக்கத்தை ஐந்தாறு நிமிடம் மூழ்க வைத்தால் அது வேகவைத்த பனங்கிழங்கு மாதிரி வளைந்து கொடுக்கும். கையுறை போட்டுக்கொண்டு ஒரு கண்ணாடி பாட்டிலின் கழுத்தை உள்ளே விட்டு அதன் தோள் வரை அழுத்தி, பச்சைத் தண்ணீரில் முக்கினால் புனல் மாதிரி விரிந்தபடியே இறுகிவிடும். பிறகு ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்தால் ராடின் ரப்பர் பிடி வெட்டுப்படாது. நேரடி நெருப்பில் மட்டும் காட்டாதீர்கள். கருகினால் வருகிற புகை நெஞ்சை அரிக்கும்.

குழாயின் அடியை மூடி போட்டு அடைக்க வேண்டாம். உப்புத் தண்ணீரும் மணலும் தங்கி ராடைக் கெடுக்கும். அடியிலிருந்து 2 செ.மீ. மேலே குறுக்காக ஒரு 6 மி.மீ. போல்ட் போதும். ராடு அதன் மேல் நிற்கும், தண்ணீர் வடிந்துவிடும். அடியில் கூட்டல் குறி மாதிரி பள்ளம் உள்ள ராடு என்றால் அந்தப் போல்ட்டில் பூட்டிக்கொண்டு திரும்பாமலும் நிற்கும்.

பலகையோடு குழாயைப் பிடிப்பது யு போல்ட், குழாய்க்கு இரண்டு, இடைவெளி 6 அங்குலம். இங்கேதான் இன்னொரு பாடம் கிடைத்தது. கடைக்காரர் காந்தத்தை ஒட்டிக் காட்டி, ஒட்டவில்லை பாருங்கள், அசல் ஸ்டெயின்லெஸ் என்றார். அசல்தான். ஆனால் 304 என்ற ரகம். ஆறு மாதத்தில் டீக்கறை மாதிரி பழுப்புப் படர்ந்தது, ஒரு வருடத்தில் நட்டுக்கு அடியில் குழிகுழியாக அரிப்பு. கடலுக்கு வேண்டியது 316 ரகம். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது, உப்பைத் தாங்குவது அதனால்தான். இரண்டிலுமே காந்தம் அநேகமாக ஒட்டாது, ஆகவே காந்தத்தை வைத்துப் பிரித்தறிய முடியாது. போல்ட் தலையில் ஏ2 என்று பொறித்திருந்தால் 304 வகை, ஏ4 என்றிருந்தால் 316 வகை. யு போல்ட்டில் தலை இல்லை என்பதால் கடையில் கேட்டு, பில்லிலும் எழுதி வாங்கினேன். மாற்றி மூன்று வருடம் ஆகிறது. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுகிறேன், நட்டு இன்னும் கையால் திறக்க வருகிறது.

சாய்மானத்தைப் பற்றிக் கொஞ்சம். நடுவில் இருக்கிற இரண்டும் பின்னால் 30 டிகிரி சாய்ந்திருக்கின்றன, பலகைக்கும் குழாய்க்கும் நடுவில் மேல்பக்கம் தடித்த மர ஆப்பு வைத்திருக்கிறேன். ஓரத்து இரண்டும் வெளிப்பக்கமாக விரிந்திருக்கும், நரம்புகள் ஒன்றோடொன்று சிக்காமல் இருக்க. மோட்டார் பிடிப்பவரின் கை திரும்புகிற பக்கம் மட்டும் ஹோல்டரை ஒரு சாண் தள்ளி வைத்தேன். கட்டிப் பார்த்து, அவரை மோட்டாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பச் சொல்லிவிட்டுத்தான் துளை போட்டேன்.

இப்போது ஒவ்வொரு ராடுக்கும் ஒரு கட்டுக்கயிறு உண்டு. ஒரு முனை ரீலின் கழுத்தில், மறுமுனை பலகையில். மீன் கடித்ததும் கட்டுக்கயிற்றின் கொக்கியைக் கழற்றிவிட்டு ராடை எடுப்போம். கூட வருகிறவர்களுக்கு முதலில் இது தொந்தரவாக இருந்தது. நான் இதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை.

குறை என்றால் வெயில்தான். வாய்ப்பக்கம் மஞ்சளடித்து, விரலால் தடவினால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டுகிறது. போன வருடம் இரண்டு குழாயை மாற்றினேன். புதியவற்றுக்கு வெள்ளை எனாமல் அடித்திருக்கிறேன். பலகையை மொட்டை மாடியிலிருந்து எடுத்துப் படிக்கட்டுக்கு அடியில் வைத்த பிறகு வித்தியாசம் தெரிகிறது.

மரம், போல்ட், குழாய் எல்லாம் சேர்த்து எனக்கு ₹2,300 பக்கம் ஆனது. அதில் பாதிக்கு மேல் போல்ட்டுக்குத்தான், அதில் எனக்கு வருத்தமே இல்லை.

போன மாதம் அண்ணன் பழைய 2 அங்குலக் குழாய் மிச்சமிருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. வலைக்கு அடையாளமாக விடுகிற கொடிக்கம்புகள் படகில் காலடியில் உருண்டுகொண்டே இருக்குமாம். அவருடைய மூங்கில் கம்புக்கு அந்தக் குழாய் அளவெடுத்த மாதிரி பொருந்தியது. ஒரு சின்னப் பலகையில் மூன்று துண்டைப் பொருத்திக் கொடுத்தேன். அதை அணியத்தில் அவரே கயிறு போட்டுக் கட்டிக்கொண்டார்.